ஹீலரை நீக்கியாச்சு

— இல்லண்ணே, நான் உக்கார மாட்டேன். வட்டக்கானல்லருந்து நடந்து வந்தது உங்க கடை ஸ்டூல்ல உக்கார்றதுக்கு இல்ல. நேத்து போன் கேம்ல தோத்ததுக்கு என்னை மட்டும் ஏன் டீம்லருந்து தூக்குனீங்க? அதச் சொல்லுங்க.

— லிசன், வடிவு. மெதுவாப் பேசு. பக்கத்துக் கடைல கேக்கும்.

— கேக்கட்டும். க்ரூப்புல போட்டப்ப மட்டும் மெதுவாவா போட்டீங்க? "வடிவாலதான் தோத்தோம். ஹீலரை நீக்கியாச்சு. இப்படிக்கு கேப்டன் நிஹால்." அதுக்குக் கீழ கை தட்டுற படம் வேற.

— படம் நான் போடல. பசங்க போட்டது.

— பழனிக்குமாரு என்ன எழுதிருக்காரு, பாத்தீங்கள்ல? பொம்பளப் புள்ளைய சேத்தா இப்படித்தான் ஆகும்னு. ஆயக்குடில கொய்யாப்பழம் எடை போடுற சோலி அவருக்கு. பாதிச் சண்டைல லாரிக்காரன் போன் பண்ணிட்டான்னு போயிருவாரு, கேம்ல அவரு ஆளு அங்கனயே சிலையா நிக்கும். அந்தச் சிலைக்கு எத்தனை தடவ நான் காவல் நின்னுருக்கேன்!

— அவன் வாயி அப்படித்தான். விடு.

— நீங்க ஒரு வார்த்தை கேக்கலியேண்ணே அவர.

— சரி, நான் ஒண்ணு கேக்கறேன். செமி ஃபைனல். அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு. கொடி நம்ம கைல. மணி அடிக்கிற வரைக்கும் கோட்டைக்குள்ள தாக்குப்பிடிச்சா போதும், வின்னு. ஹீலரோட வேலை என்ன? கொடி வச்சிருக்கவனுக்கு உசிரு ஏத்திக்கிட்டே இருக்கணும். சின்னச்சாமி உள்ள கொடியோட கத்திக்கிட்டு கெடக்கான். நீ எங்க இருந்த?

— கோட்டை வாசல்ல. உங்க பக்கத்துல.

— அதான் மிஸ்டேக்கு!

— எதுண்ணே மிஸ்டேக்கு? உங்க ஆளு வாளக்கூட ஓங்கல. அம்பு வந்து குத்துது, கோடாலி விழுது, அடிச்சு வச்ச மொளக்குச்சி மாதிரி நிக்கிது. சரி, பஜார்ல மூட்டம் இறங்கிருச்சு, அண்ணனுக்கு சிக்னல் போச்சுன்னு வெரசா ஓடியாந்தேன். நாலு பேரு சுத்தி நின்னு அடிச்சானுங்க. எனக்கு இருந்த உசிரையும் எடுத்து உங்களுக்கு ஏத்துனேன்.

— யாரு ஏத்தச் சொன்னா?

— யாரு சொன்னாவா? சட்டம் போட்டது யாரு? "நாம மலைக்காரங்க. மூட்டம் வந்தா எவனுக்கு வேணா சிக்னல் போகும். நின்னு போனவன விட்டுட்டு ஓடக்கூடாது, சுத்தி நில்லுங்க. கொடி போனாலும் போகட்டும்." நீங்க சொன்னதுதான? போன ரவுண்டுல கோயமுத்தூர்ப் பயலுக நம்மளப் பாத்து என்னமா சிரிச்சானுங்க. அந்தச் சட்டத்த வச்சுத்தான அவனுகளையே ஜெயிச்சோம்.

— அந்த ரூலு சிக்னல் போனவனுக்கு வடிவு.

— அப்ப உங்களுக்குப் போகலியா?

— டீ சொல்லட்டா?

— டீ வேணாம். சிக்னல் போகலியா உங்களுக்கு?

— கஸ்டமர் வந்துட்டாங்க.

— அந்த மூட்டத்துலயா? சீசன் முடிஞ்சு கடைத்தெருவே ஈயாடிக் கெடக்கு. யாரு வந்தா? என்ன வாங்குனா?

— தைலம் கேட்டாங்க. ரெண்டு பாட்டில்.

— உங்க அத்தா மேல ஆணையாச் சொல்லுங்க.

— அவர ஏன் இழுக்குற?

— சொல்லுங்கண்ணே.

— யாரும் வரல. நான்தான் போனக் கவுத்து வச்சேன். கல்லா மேல. சத்தத்தயும் கொறச்சுட்டேன்.

— எதுக்கு?

— தோக்கணும்னுதான்.

— தோக்கணும்னா? அடப்பாவி அண்ணே! கெஸ்ட் ஹவுஸ்ல பெட்ஷீட்டு மாத்திட்டு, மத்தியானச் சோத்த அப்படியே வச்சுட்டு, சிக்னலுக்காக பாறை மேல ஏறி நின்னு வெளாண்டேன், குளிர்ல விரலு மரத்துப் போயி. பள்ளிக்கூடத்த விட்டதுலருந்து என்னைய ஒருத்தர் ஒரு சோலிக்கும் தேடுனதில்ல. நீங்க நாலு பேருதான் "ஏலே, வடிவு எங்கலே, அவ வந்தாத்தான் ஆரம்பிக்கணும்"னு தேடுனீங்க. அதப் புடுங்கிட்டீங்க. அதுவும் நான் செய்யாத தப்புக்கு.

— திட்டு. நல்லாத் திட்டு.

— திட்டுறது இருக்கட்டும். ஏன்னு சொல்லுங்க.

— ஜெயிச்சா ஃபைனலு சென்னைல. போன்ல இல்ல, மேடைல. அஞ்சு பேரும் நேர்ல போயி உக்காரணும். உன்னக் கூட்டிட்டு ராத்திரி பஸ் ஏறணும். நான் யாரு, நீ யாரு? சுல்தான் கடைப் பையன் பொன்னுச்சாமி மகளக் கூட்டிட்டுப் போயிட்டான்னு விடியறதுக்குள்ள மூஞ்சிக்கல் வரைக்கும் பேசிருவாங்க. கடைக் கண்ணாடி ஒண்ணு மிஞ்சுமா? அத்தா ஏற்கனவே மாத்திரைல ஓடிட்டு இருக்காரு.

— அப்ப சென்னைக்கு நீ வர வேணாம்னு என்கிட்ட சொல்றது!

— எப்படிச் சொல்றது? நீ இல்லாம ஃபைனல் போயி என்ன கிழிக்கிறது? உன்ன வர வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— வர வேணாம்னு சொல்ல வாய் வரல. என்னாலதான் தோத்தோம்னு ஊருக்கே சொல்ல மட்டும் வாய் வந்துச்சு.

— அது தப்புதான். க்ரூப்புல எழுதிடறேன். இப்பவே எழுதறேன். ஆனா நீயும் யோசிச்சுப் பாரு. உங்கப்பா கேரட் லோடு இறக்குற ஆளுகளக் கூட்டிட்டு இந்த வாசல்ல வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?

— எங்கப்பாகிட்ட நேத்து வெள்ளனேயே, கேமுக்கு முன்னாடியே கேட்டுட்டேண்ணே. சென்னையான்னு மொகத்தச் சுளிச்சாரு. கூட யாரு போறான்னு கேட்டாரு. உங்க பேரச் சொன்னேன். "சுல்தான் பாய் மகன் கூட இருக்கான்னா எனக்கென்ன பயம், தாராளமாப் போயிட்டு வா"ன்னாரு.