மலைக்குப் போறவங்கள எண்ணக் கூடாது

— அந்த வேலிக்கு அங்கிட்டுப் போகாதீங்க ரிப்கா மிஸ். நாய் கெடக்கு.

— நாய் எங்க ராக்கம்மாக்கா? போன முறையும் நாய் எண்டீங்க. ஒரு கொரைப்புச் சத்தம் கூட கேக்கல்ல.

— அது சத்தம் போடாது. நேரா கெண்டக்காலப் புடிக்கும். அது கெடக்கட்டும், கையில என்ன அது? டிக்கு டிக்குன்னு அமுக்கிக்கிட்டே வாறீங்க.

— எண்ணுற மிஷின். ஒரு வண்ணாத்திப்பூச்சியக் கண்டா ஒருக்கா அமுக்குற. அவ்வளவுதான்.

— எங்க தோட்டத்துல எத்தன தடவ அமுக்குனீங்க?

— அதத்தான் நானும் யோசிக்கிற. தேயிலைக்குள்ள ஈக்குது, ஆத்தோரம் நெறைய ஈக்குது. ஒங்கட லயத்து வீடுகளுக்குப் பின்பக்கம் வந்த ஒடன ஒண்டுமே இல்ல. போன மாசம் இந்த உன்னிப் பூவெல்லாம் மொய்ச்சுக்கொண்டு ஈந்திச்சே.

— பங்குனி பொறக்கப் போகுது. சிவனொளிபாத மலைக்குக் கெளம்பியிருக்கும். கும்புடப் போற சீவனுங்க அதுங்க. மலைக்குப் போறவங்கள எண்ணக் கூடாது மிஸ். இன்னும் எவ்வளவு தூரம்னு கூட நாங்க கேக்க மாட்டோம்.

— ஆத்தோரத்துப் பூச்சி மட்டும் போகல்லயா? ஒங்கட வேலியில ஈந்ததுதானா போயிரிச்சு?

— எங்க வேலிப் பூச்சிக்குப் பக்தி கூட.

— பகிடி விடாதீங்க அக்கா. இங்க ஒரு வாடையும் அடிக்குது. மருந்து வாடை.

— போஞ்சிச் செடிக்கு அடிச்சது. பூச்சி புடிச்சா அடிக்க மாட்டோமா? அது கெடக்கட்டும். பேராதனைக் கேம்பஸ்ல படிக்கிற புள்ளன்னு சொன்னீங்க. இந்த வெயில்ல ஏறி வந்து பூச்சி எண்ணச் சொல்லி ஒங்கள யாரு அனுப்புனது?

— எங்களுக்குப் படிப்பிக்கிற சேர். ஆராய்ச்சிக்கு.

— யாருக்காக ஆராய்ச்சி?

— அது சொல்ல ஏலா அக்கா.

— சொல்ல முடியாது. சரி, இந்தக் கதிரையில உக்காருங்க, நான் சொல்றேன். போன வருஷம் யுகேஷ்னு ஒரு தம்பி வந்தாரு. ஒங்கள மாதிரியே தொப்பி, ஒங்கள மாதிரியே சிரிப்பு. பலா மரம் எண்ண வந்தேன்னாரு. நாந்தான் பிளேன்டி ஊத்திக் குடுத்து, எங்கெங்க நிக்குதுன்னு கூடவே நடந்து காட்டுனேன். அடுத்த மாசம் மரத்துக்கு இங்கிட்டு கம்பி வேலி. கேட்டா, எல்லாம் கணக்குல ஏறிருச்சு, இனி தோட்டத்துக்குத்தான் சொந்தம்னு தொரை சொல்றாரு. அதுக்கு முந்தி மாட்டுப்பட்டிய எண்ணுனாங்க. அந்த எடமும் போச்சு. எண்ணுனது எதுவும் எங்க கையில தங்குனதில்ல மிஸ்.

— நான் அப்படி ஆள் இல்ல.

— அவரும் அதத்தான் சொன்னாரு. இந்தத் துண்டு நெலம் ஒண்ணுதான் மிச்சம். அந்தா தகரம் தெரியுதுல்ல, எம் மக நிரோஷா கட்டுன ரூம்பு. பிலிமத்தலாவைக் கடையில கால் வீங்க வீங்க வேலைக்கு நின்னு கட்டுனா. அதையும் எடுத்துட்டா அவள எங்க கொண்டு வைக்கிறது? அதான் கேக்கறேன்.

— சேர் பேச வேணாமெண்டு சொன்னார் அக்கா. லயத்து ஆக்களுக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் கத போகும், ஹோட்டல்காரங்கட காதுக்கும் போகும், மறுகா எங்கட கணக்க ஆரும் நம்ப மாட்டாங்க எண்டார்.

— எந்த ஹோட்டலு?

— மேல கட்டப் போறாங்களே, அது. அதுக்கு ரோட்டு வேணும். ரெண்டு வழி பாத்தீக்காங்க. ஒண்டு ஆத்தோரத்தால. மத்தது இதால, ஒங்கட மகள்ட ரூமையும் சேத்து.

— தெரியும். இப்படி ஏதாவது இருக்கும்னு எனக்குத் தெரியும். எந்திரிங்க மிஸ்.

— முழுசாக் கேளுங்க. எந்தப் பக்கம் உயிர்கள் கூட ஈக்குதோ, அந்தப் பக்கம் ரோட்டு போட கவர்மென்ட்ல விட மாட்டாங்க. அதுக்குத்தான் எண்ணுற. போன மாசம் ஒங்கட பக்கம்தான் கூட. எங்கட உம்மாகிட்டயும் நான் போய்ச் சொன்ன, அந்த லயத்து ஆக்கள்ட எடம் தப்பும் எண்டு. இண்டைக்குத்தான் கடைசி எண்ணிக்கை. இண்டைக்கு ஆத்தோரம்தான் கூட.

— இருங்க. எண்ணுனா, எடுக்க மாட்டாங்களா?

— எண்ணிக்கை கூட ஈந்தா எடுக்க ஏலா.

— அப்ப போன மாசக் கணக்கையே குடுத்துருங்களேன்.

— ரெண்டையும் வச்சுத்தான் பாப்பாங்க. நான் பொய் எழுதினா, வேற ஆள அனுப்பி எண்ணுவாங்க. ஏன் அக்கா, அங்கயே பாத்துக்கொண்டு ஈக்கிறீங்க? அந்த வேலிக்கு அங்கால என்ன ஈக்குது? நாய் இல்லத்தானே?

— நாய் இல்ல மிஸ்.

— மறுகா என்ன?

— நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் லயத்துல எல்லாரும் கூடிப் பேசுனோம். எண்ண ஒண்ணும் இல்லாட்டி எடுக்கவும் யாரும் வர மாட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன். நீங்க இன்னைக்கு வருவீங்கன்னு தெரிஞ்சு, நேத்து விடியக்கால, பனியில றெக்க நனைஞ்சு பறக்க முடியாமக் கெடக்கிற நேரமாப் பாத்து, எல்லா வீட்டுலருந்தும் மருந்துத் தாங்கியத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குனோம்.

— அல்லாஹ்வே. ராக்கம்மாக்கா, என்ன வேல செஞ்சீங்க.

— கூட்டி அள்ளி அங்கதான் சாக்குல கட்டி வச்சிருக்கோம். செத்ததையும் சேத்து எண்ணுவீங்களா மிஸ்?