நீச்சல்குளத்துக்கு வர்ற சூடு

கோட்டைக் கழட்டாத தம்பி. இந்த வீட்டுல மார்ச் மாசம் முடியற வரைக்கும் யாரும் கழட்டுறதில்ல. உக்காரு. அங்க இல்ல, அது எங்க வீட்டுக்காரர் நார்மன் நாற்காலி. அவர் வீட்டுல இல்ல. அதுக்காக நீ உக்காந்துடலாமா? இந்தப் பக்கம் வா.

என்னது அது, கேக்கா? கடையில வாங்கினதா? சரி, அங்க வை. எலெக்‌ஷனுக்கு முன்னாடி எப்ப பாத்தாலும் என் வாசல்லதான் நின்ன. கவுன்சிலர் ஆனதும் ஆளையே காணோம். இப்ப திங்கக்கிழமை ஓட்டெடுப்புன்னதும் கேக்கோட வந்துட்ட. ஆத்தைக் கடக்குற வரைக்கும்தான் அண்ணன் தம்பி, இல்ல?

தெரியும்ப்பா, எதுக்கு வந்திருக்கேன்னு. மேட்டுல இருக்கிற சுடுகாட்டு உலையில இருந்து நீச்சல்குளத்துக்குப் போகுதே, அந்தச் சூட்டுக் குழாயை வெட்டணும். வெட்டிட்டுப் பழையபடி கேஸ் பாய்லரை வைக்கணும். அதுக்கு ஹில்டா அக்ராய்ட் டவுன் ஹால்ல எழுந்து நின்னு நாலு வார்த்தை பேசணும். சண்டையை ஆரம்பிச்சவளே நான்தானே.

ஆமா, நான்தான். இல்லேன்னு சொன்னேனா? அந்த இஞ்சினியர் பொண்ணு சர்ச் ஹால்ல படம் போட்டுக் காட்டுச்சு. பொதுக் கட்டடத்துக்கெல்லாம் கார்பன் குறைஞ்ச சூடு வைக்க சர்க்கார் மானியம் தருதாம், நம்ம குளத்துக்கும் கிடைச்சிருக்காம். பொணம் எரியிற புகையை எப்படியும் ஆற வெச்சுத்தான் வடிகட்டணுமாம். அந்தச் சூடு சும்மா வானத்துக்குப் போகுது, அதைக் குளத்துக்குத் திருப்பிடலாம், சூடு மட்டும்தான் வரும், புகை வராது சாம்பல் வராதுன்னுச்சு. நான் எழுந்து, உங்கம்மாவை எரிச்ச சூட்டுல நீ குளிப்பியாடின்னு கேட்டேன். ஹாலே கை தட்டுச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் அட்டையில எழுதிக்கிட்டு குளத்து வாசல்ல மழையில நின்னேன், செத்தவங்க சூட்டுல நீந்த மாட்டோம்னு. அந்தப் போட்டோவைத்தானே நீ உன் நோட்டீஸ்ல போட்டுக்கிட்ட? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? வாயைக் கோணிக்கிட்டு நிக்கிறேன் அதுல.

டீ ஆறுது, குடி. என்ன, கையை உரசுற? குளிருதா? குளிரட்டும். இது நார்மன் சட்டம். அக்டோபர் கடைசியில, குளிர்காலம் வருதுன்னு ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வைக்கிற ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஹீட்டரைத் தொடவே கூடாது. அதுக்கப்புறமும் நான் ஒரு புள்ளி ஏத்தினா, இந்த மனுஷன் பின்னாடியே வந்து இறக்குவாரு. ஹில்டா, ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கோ. கல்யாணம் ஆனதுல இருந்து எங்கிட்ட பேசின ஒரே காதல் வசனம் அதுதான். பொறந்த நாளைக்கு என்ன வாங்கித் தருவாருன்னு நினைக்கிற? ஸ்வெட்டர். ராத்திரி என் பாதம் ஐஸா இருக்கும், அவர் கால் மேல வெச்சா எட்டி உதைப்பாரு.

சிரிக்காத. உன்னைச் சிரிக்க வைக்கிறதுக்கா சொல்றேன்?

திங்கக்கிழமை கார் அனுப்புறியா? காரும் வேணாம் ஒண்ணும் வேணாம், நடந்தே வருவேன். வந்து எழுந்து நின்னு, அந்தக் குழாய் மேல எவனாவது கை வெச்சா அப்புறம் இந்த ஊருல அவனை நாய்கூடச் சீண்டாதுன்னு சொல்லுவேன்.

ஆமா, சரியாத்தான் காதுல விழுந்திருக்கு உனக்கு. வெட்டக் கூடாது.

எவனும் என்னை மாத்தல. எதிர்க்கட்சிக்காரன் வந்து பேசினானா? வாயை அலம்பிட்டு வா. எனக்கு ஏதுடா கட்சி? அந்த அட்டை கொட்டகையில கெடக்கு, எடுத்துட்டுப் போ. வேணும்னா நீ பிடிச்சுக்கிட்டு நில்லு மழையில.

என்ன, நார்மன் வந்ததும் அவர்கிட்ட பேசிப் பாக்குறியா? பேசு, பேசு.

ஜனவரியில போயிட்டாருப்பா. நெஞ்சுவலி. உனக்கு எங்க தெரியும், நீதான் இந்தப் பக்கமே வரலையே. புதன்கிழமை காலையில மேட்டுக்குக் கொண்டு போய் எரிச்சோம். அப்புறம் பப்புல எல்லாருக்கும் ஹாம் சாண்ட்விச். தின்னுட்டு, என் தோளைத் தட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தா இதே குளிர். ஹீட்டர் பக்கம் கையைக் கொண்டு போனேன். திருக முடியல. அவர் இல்லாத வீட்டுல அதைத் திருக எனக்குக் கை வரல. இங்க இருக்கவும் முடியல. நீச்சல் உடுப்பைப் பையில போட்டுக்கிட்டு, சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடயே குளத்துக்குப் போனேன். குழாய் வந்ததுல இருந்து நான் எட்டிக்கூடப் பாக்காத இடம்.

தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. கழுத்து வரைக்கும் இறங்கி அப்படியே நின்னேன். பாதம்கூடச் சூடாயிடுச்சு தம்பி. செத்தும் கொடுத்தான்னு சொல்வாங்கல்ல, அது இந்த மனுஷன்தான். இருக்கிறப்ப ஒரு புள்ளி ஏத்த விடல. அழுதேன். தண்ணிக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது?

அது அவர் சூடுதான்னு எப்படித் தெரியும்னா கேக்குற? உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலல்ல? அப்ப வாயை மூடு.

கிளம்பு. கேக்கையும் எடுத்துக்கோ. எனக்குக் குளத்துக்கு நேரமாச்சு. அங்க யாரும் என்னை ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்றதில்ல.