பின்வாசலில் தண்ணீர் ஊற்றியவள்

பொழுது அடைந்து விளக்கு வைக்கிற நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற மலைப்பாதையில் ஈ காக்கை இல்லை... இரண்டே பேர். முன்னால் அரிக்கேன் விளக்கோடு ராக்கையா. பின்னால் நர்சம்மா பொன்னுமணி.

இந்தப் பொன்னுமணி என் சிநேகிதன் சுருளிவேலின் பெரியம்மா. இது அவளுக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். கை கழுவாமல் பொரிகடலை அள்ளித் தின்கிற மாப்பிள்ளைகளும் கொஞ்சம் காது கொடுங்கள்.

வெள்ளைக்காரன் காலம். ஊரையே வாரிக்கொண்டு போன அந்தப் பெரிய காய்ச்சல் வந்து அடங்கியிருந்தது. பொன்னுமணி மதுரையில் பிரசவம் பார்க்கப் படித்தவள். போடியைச் சுற்றி அத்தனை ஊருக்கும் அவள் ஒருத்திதான். படிப்பு முடிந்தபோது கொடுத்த ஒரே ஜோடி ரப்பர் கையுறை அவளிடம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்குப் பிறகும் அதைக் கொதிக்கவைத்து எடுக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆரம்பத்தில் செய்தாள். அப்புறம்... வீட்டுக்கு வந்தால் அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெம்பு இருக்காது. சோறு தின்னாமல் படுத்த நாளே அதிகம். என் கையில் எதுவும் படவில்லையே, உறையில்தானே பட்டது என்று கையைக் கழுவிக்கொண்டு, உறையைச் சுருட்டிப் பையில் போட்டுவிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஐப்பசியில் அவள் பிரசவம் பார்த்த பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக ஜன்னி கண்டு செத்தார்கள். பிள்ளை பெற்ற சில நாளில் காய்ச்சல், அப்புறம் பிதற்றல், அப்புறம் பாடை. முனி அடித்துவிட்டது என்றது ஊர். பொன்னுமணிக்கு மட்டும் ஒரு பயம்... நம்ம கையா?

அன்றும் ஜன்னியில் கிடந்த மூக்கம்மாளைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குகிறாள், ராக்கையா வந்து நிற்கிறான்.

"நர்சம்மா, வெரசா வாங்க. மருதாயி நேத்துலருந்து துடிக்கிறா. தலப்புள்ள."

வீட்டுக்குப் போய் உறையைக் கொதிக்கவைக்க ஏது நேரம்? அப்படியே நடந்தாள்.

ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரை ஒட்டி ஒரே ஒரு குடிசை. புகையும் ஏலமும் கலந்த வாசனை. உள்ளே மருதாயியின் முனகல். ராக்கையா விளக்கை வைத்துவிட்டு எங்கேயோ ஓடினான். பொன்னுமணி உறையை மாட்டிக்கொண்டு நிலைப்படியில் குனிந்தாள்.

"நர்சம்மா... இங்கிட்டு வாங்க."

பின்வாசலில் முகம் தெரியாத இருட்டில் ஒருத்தி. கையில் செம்பு. நோய் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பின்வாசலில் தண்ணீர் ஊற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். வந்தவள் செம்பைத் தொடக்கூடாது, இன்னொருத்திதான் ஊற்ற வேண்டும். யாரோ சொந்தக்காரி என்று நினைத்த பொன்னுமணி, உறை மாட்டிய கைகளை அப்படியே நீட்டினாள்.

சளக்... சளக்... தண்ணீர் சுட்டது. இந்த மலைக்குளிரில் யார் காய்ச்சி வைத்தார்கள்? காய மருந்து வாசனை குப்பென்று அடித்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிக் கொடுப்பார்களே, அதேதான்.

"போதும்மா."

"போதாது நர்சம்மா. தேய்ங்க."

தேய்த்தாள். சின்னச் செம்புதான். ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. அசதியில் அதைக்கூட அவள் யோசிக்கவில்லை.

உள்ளே போகும்போதே தலை தெரிந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. கொடியை அறுத்து நிமிர்ந்தபோது ராக்கையா மூச்சு வாங்கக் குடத்தோடு வந்தான்.

"வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல நர்சம்மா. அதான் ஓடைக்குப் போயி மொண்டுட்டு வந்தேன்."

"அப்ப அந்தப் பொம்பள?"

"எந்தப் பொம்பள? நானும் மருதாயியுந்தான இங்க."

மருதாயிக்குக் காய்ச்சல் வரவில்லை. போடிக்குத் திரும்பினால் மூக்கம்மாள் வீட்டில் பந்தல் போட்டிருந்தது. உயிர் எப்போது போனது, மலையில் தனக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டதற்கு முன்னாலா என்று பொன்னுமணி கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்வாசலுக்குப் போவாள். யாரோ செம்போடு நிற்பார்கள். முகம் தெரியாது... சூடு தெரியும். அவள் கை பட்ட ஒருத்தியும் சாகவில்லை. போகப்போகப் பயமும் விட்டுப்போயிற்று. பயப்படவும் தெம்பு வேண்டுமே.

மறு வருஷம், தேவாரம் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சந்திரவல்லிக்கு வலி எடுத்தது. மார்க்கட்டி வந்த ஒருத்திக்குச் சீழ் எடுத்துவிட்டு, அந்த வீட்டிலிருந்தே வண்டி ஏறி வந்து இறங்கினாள் பொன்னுமணி. உள்ளே மகள் "அம்மா" என்று அலறினாள். பெற்ற மனசு கேட்குமா? பையில் கிடந்த உறையை இழுத்து மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே ஓடிவிட்டாள்.

பின்பக்கம் ணங்கென்று ஒரு செம்பு விழுந்து உருண்டது... அவள் காதிலும் விழுந்தது. திரும்பவில்லை.

பேரன் பிறந்தான். சில நாளில் சந்திரவல்லிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. "சுடுதும்மா... சுடுதும்மா..." என்று சொல்லிச் சொல்லியே அடங்கிப்போனாள். பொன்னுமணி தன் இரண்டு கையையும் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தேற்ற வந்தவர்கள் யாரையும் அவள் தொடவிடவில்லை.

காரியம் முடிந்து போடிக்கு வந்த அன்றைக்கே ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாட்டேன் என்று சொல்லலாம்தான். வேறு யார் இருக்கிறார்கள்? எழுந்து போனாள். பின்வாசலுக்குப் போய்க் கைகளை நீட்டினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை... தவளைச் சத்தம் மட்டும்.

பிறகு தண்ணீர் விழுந்தது. இத்தனை நாள் விழுந்ததைவிடச் சூடு. ஊற்றியவள் வாய் திறந்தாள். இந்தத் தடவை குரல் வேறு. அது பொன்னுமணி பெற்று வளர்த்த குரல்.

"நல்லாத் தேய்ம்மா..."