குரல் வரும் வழி

பூட்டிய பிறகு இழுத்துப் பார்க்காமல் நான் எந்தக் கதவையும் விட்டு நகர்ந்ததில்லை. படிக்காதவனுக்கு யாரையும் நம்பாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால் இன்டர்நெட் போன் வீட்டுக்குள் வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

அனுப்பியவள் என் மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனவள். அவள் போன அன்று என் மனைவி எனக்குப் பயந்து வாசல்வரைகூட வரவில்லை. அதிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லை. தாய்க்கு இதயக் கோளாறு என்பது என் மைத்துனன் மூலம் அவளுக்குத் தெரிந்தது. அங்கே ஆபரேஷன் செய்தால் பிழைத்துவிடுவாள், போன் மாட்டியதும் நானே பேசி அழைத்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்து சொன்ன மைத்துனனை அதன்பிறகு நான் வீட்டுப்பக்கம் விடவில்லை.

மாட்ட வந்தவன் மணி அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிட்டான். மாலையில் மணி அடித்தது. மனைவி மூச்சு வாங்க எழுந்துபோய் எடுத்தாள்.

"கண்ணு, நீயா? பேசும்மா."

போனைக் காதோடு அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அவ பேசவே இல்லைங்க."

சற்று நேரத்தில் என் செல்போன் அடித்தது. அது என் சட்டைப்பையை விட்டு இறங்காது. பால்கனிக்குப் போய் எடுத்தேன்.

"அப்பா, அம்மா பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறது அவங்களுக்குக் கேக்கல. போனை அம்மாகிட்ட குடுங்க."

"தூங்கறா" என்றேன்.

"அப்போ மாட்டினவரைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லுங்கப்பா."

மாட்டியவன் மறுநாள் தானாகவே வந்தான். வாசலிலேயே நிறுத்தி, என்ன கோளாறு என்று கேட்டேன்.

"ஃபயர்வால்னு ஒரு காவல் சுவர் இருக்கு பெரியவரே. மணி அடிக்க அதுல ஒரு போர்ட், அதாவது ஒரு கதவு, திறந்தேன். குரல் உள்ளே வர்ற போர்ட்டையெல்லாம் திறக்க மறந்துட்டேன். நீங்க பேசறது வெளியே போகும். அவங்க பேசறது சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும்."

"எத்தனை திறக்கணும்?"

"அது ஆயிரக்கணக்குல இருக்கு."

"அத்தனை கதவையும் திறந்து வெச்சா திருடன் வரமாட்டானா?"

சிரித்தான். "இந்த வீட்டுல அவன் எதைத் திருடப் போறான்?"

திரும்பிப் பார்த்தேன். உள்ளே என் மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரியே சரியாயிடுச்சுப்பா. நீ போ" என்றேன்.

நான் எதையும் உடைக்கவில்லை, ஒரு கம்பியைத் தொடவில்லை. மகளிடம், ஏதோ சாமான் வரவேண்டுமாம் என்றேன். மனைவியிடம், கூப்பிட்டு உன்னை வேடிக்கை பார்க்கிறாள் என்றேன்.

தினமும் மணி அடிக்கும். மனைவி பேசுவாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

"கோபம்னா திட்டிடும்மா. அன்னிக்கு நான் வாசலுக்கு வந்திருக்கணும், தப்புதான். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. வரட்டுமா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லு."

மகள் பால்கனியில் என் காதுக்குள் அழுவாள். "வாம்மா, வாம்மான்னு கத்தறேன்ப்பா. அவங்களுக்குக் கேக்கலியே. லீவு கேட்டிருக்கேன், கிடைச்சதும் நானே வந்துடறேன்."

வந்துவிடுவாளோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. அதற்குள் மனைவி ஒருநாள் நிதானமாகப் பேசினாள்.

"சரி கண்ணு. நான் உனக்கு வேண்டாம்னா வரல. நீ நல்லா இரு. இனிமே கூப்பிட்டுச் சிரமப்படாதே."

வைத்துவிட்டாள். உடனே மணி அடித்தது. விடாமல் அடித்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. பெட்டியைக் காலி செய்யும்போது துணிகளை நானும் மடித்துக் கொடுத்தேன். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

அந்த வாரமே அவள் இறந்துபோனாள். டாக்டர், ஆபரேஷன் நடந்திருந்தால் இருந்திருப்பார் என்றார். டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மகள் வந்து தாயின் காலருகே உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"சரி பண்ண ஆள் வந்தாராப்பா?"

"வரல" என்றேன்.

அது பொய்தான். குரலுக்கு வழி திறக்க வந்தவனைத் திருப்பி அனுப்பியவன் நான். திறந்திருந்தால் என் மனைவி மகளிடம் போயிருப்பாள், பிழைத்திருப்பாள். இரண்டும் அன்று வாசலில் நின்றபோதே எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசிவரை அவள் என்னை விட்டுப் போகவில்லை. அவளுக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.