கோல் கீப்பர் வரவில்லை

சாமுண்டி: கைய தூக்குடி ஜெயா... இன்னும் மேல. பந்து தடுக்கற மாதிரி தூக்கு. ஆங், அப்டியே நில்லு.

ஜெயா: டேப்பு கூசுது.

சாமுண்டி: பதினாலு வருஷம் இந்தியாவுக்கு ஆடினவ, டேப்புக்கு கூசுதுன்றா. ரவிக்கைக்கு லைனிங் வெச்சிடவா?

ஜெயா: வை. ஆனா நான் அளவு கொடுக்க மட்டும் வரல, சாமுண்டி.

சாமுண்டி: தெரியும். இதோட மூணாவது தபா கேக்கற. நான் வர்ல.

ஜெயா: ஆட்டத்த விட்டுட்டேன்னு ஆவடியில எனக்கு ஒரு விழா வைக்கிறாங்க. மேடையில பக்கத்துல வந்து உக்காருன்றேன். அவ்ளோதானே?

சாமுண்டி: இன்னான்னு உக்கார? டெய்லருன்னா?

ஜெயா: என்கூட ஆடினவன்னு.

சாமுண்டி: ஆவடி கிரவுண்டுல ஆடினதுக்கெல்லாம் மேடையா... திரும்பு. முதுகு எவ்ளோ இறக்கணும்? நம்ம தெருல நெட்பால்னா இன்னான்னே யாருக்கும் தெரியாது. போன வாரம் ஒரு கஸ்டமர் அம்மா, உங்க ஃப்ரெண்டு பாஸ்கெட்பால் தானேன்னு கேட்டுச்சு.

ஜெயா: நீ என்ன சொன்ன?

சாமுண்டி: பந்த தட்டிகினு ஓடக்கூடாது, கைக்கு வந்தா மூணு செகண்டுல குடுத்துடணும், வளையத்துக்குப் பின்னால பலகையே கிடையாதுன்னு சொல்லிகினே இருந்தேன். அந்தம்மா தெச்ச ஜாக்கெட்ட வாங்காமலே போய்டுச்சு.

ஜெயா: வளையத்துக்குக் கீழ ஒருத்தி நின்னு தடுப்பாளே, அவள பத்தி சொன்னியா?

சாமுண்டி: ...உக்காரு. அளவு முடிஞ்சிது. முட்டி இப்போ எப்டி கீது?

ஜெயா: படி இறங்கினா பிடிச்சுக்குது. ஆபரேஷன் பண்ணி ஒன்பது மாசத்துல திரும்ப ஆடினேன்ல. டாக்டர் அப்பவே சொன்னார், பின்னால கஷ்டப்படுவன்னு.

சாமுண்டி: சிங்கப்பூர்ல தானே விழுந்த?

ஜெயா: அது கொழும்பு. சிங்கப்பூர் என்னோட முதல் மேட்ச்.

சாமுண்டி: அத்த சொல்லேன்.

ஜெயா: எத்தன தடவ சொல்றது?

சாமுண்டி: இன்னொரு தபா சொன்னா இன்னா... நம்ம பாட்டு போட்டாங்களே, அத்த சொல்லு.

ஜெயா: ஏழு பேர் வரிசையா நின்னோம். ஜனகணமன போட்டாங்க. கேலரில நம்ம ஆளுங்க பத்து பேர் இருந்தா ஜாஸ்தி. எல்லாரும் பாடறாங்க, எனக்கு மட்டும் வாய் திறக்கல. அப்புறம் முப்பது கோல் வித்தியாசத்துல தோத்தோம்.

சாமுண்டி: தோத்தா இன்னா. போய் நின்னியே.

ஜெயா: திரும்பி வரும்போது பஸ்ல எல்லாரும் அழுதாங்க. எனக்கு ஒண்ணுதான் ஓடிட்டே இருந்தது. சாமுண்டி நின்னிருந்தா...

சாமுண்டி: சும்மா கெட.

ஜெயா: கேப்டனா இருந்து ஜெயிச்சப்பவும் அதே நினைப்புதான். அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு யார் வந்தா? நீயும் உன் வீட்டுக்காரர் ஹேமநாதன் அண்ணனும், அவர் ஆட்டோவுல. வேற ஒருத்தர் வரல.

சாமுண்டி: அவரு மாலை வாங்கலாம்னாரு. நான் தான் பிரியாணி வாங்கலாம்னேன்.

ஜெயா: ஆரம்பத்துல நான் ஜி.டி., கோல் டிஃபென்ஸ். நீ ஜி.கே., கோல் கீப்பர். உனக்கு முன்னால நிப்பேன். பந்து எங்க வருதுன்னு நான் பார்க்கவே மாட்டேன். உன் குரல் தான்.

சாமுண்டி: லெப்டு... பின்னால... உடு... இப்போ கூட தெச்சிகினு இருக்கும்போது வாய்ல வந்துடுது. டீ போடட்டா?

ஜெயா: வேணாம். இங்க உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

சாமுண்டி: இன்னாடி, மூஞ்சே ஒரு மாதிரி ஆயிடுச்சு?

ஜெயா: இந்தியா டீமுக்கு ஆள் எடுத்தாங்களே, அந்த டெல்லி கேம்ப். உங்க வீட்ல அப்போ போன் இல்ல. ரெண்டு பேர் ஃபாரத்துலயும் எங்க குவார்ட்டர்ஸ் நம்பர் தான் எழுதினோம்.

சாமுண்டி: ஜெயா, அத்த உடு...

ஜெயா: குறுக்க பேசாத. வியாழக்கிழமை மத்தியானம் கோச் கஜபதி சார் கூப்பிட்டார். சாமுண்டீஸ்வரி கீப்பர், நீ ரிசர்வ், ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு பேரும் சென்ட்ரல் வந்துடுங்க, அவகிட்டயும் சொல்லிடுன்னார். நான்... சொல்லல. வெள்ளிக்கிழமை உங்கிட்ட சொல்லத்தான் கிளம்பி, உங்க திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். இறங்கி பெஞ்சில உக்காந்தேன். நாலு வண்டி போச்சு. நீ வந்தா நான் ரிசர்வ், நீ வரலன்னா நான் கீப்பர். இதையே யோசிச்சிட்டு ஆவடிக்கே திரும்பிட்டேன்.

சாமுண்டி: தண்ணி குடி மொதல்ல.

ஜெயா: சென்ட்ரல்ல சார் அவ எங்கன்னு கேப்பார், அப்போ சொல்லிடலாம்னு நினைச்சேன். அவர் ஒரு வார்த்த கேக்கல. நீதான் கீப்பர்னு சொல்லிட்டு டிக்கெட்ட கைல கொடுத்தார். அப்புறம் நீ வந்து சண்ட போடுவன்னு பார்த்தேன். நீயும் கேக்கல. உன் கல்யாணத்துல கூட சிரிச்சிட்டே எனக்கு பூ வெச்சி விட்ட. பதினாலு வருஷம் உன் இடத்துல நின்னிருக்கேன்டி. அந்த மேடையில தனியா உக்கார என்னால முடியாது.

சாமுண்டி: ...சனிக்கிழம காலைல சார் எங்க ஊட்டுக்கு வந்தாரு.

ஜெயா: எந்த சார்?

சாமுண்டி: கஜபதி சார் தான். அப்பாகிட்ட கையெழுத்து வாங்கணும்னு ஃபாரத்தோட வந்தாரு. ஜெயா வந்து சொல்லிருப்பாளேன்னாரு. சொன்னா சார்னு சொல்லிட்டேன். அப்பா பேனாவ எடுத்துட்டாரு... நான் தான், வர்ல சார்னேன். இத்த ஜெயாகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னும் கேட்டுகினேன்.

ஜெயா: ஏன்டி? வீட்ல யார் தடுத்தாங்க?

சாமுண்டி: ஒருத்தரும் தடுக்கல. பயந்துட்டேன். இங்க நான் தான் பெரிய கீப்பரு... அங்க போயி, இவ ஒண்ணுமே இல்லன்னு ஆயிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துட்டேன். என்ன கூப்பிடவே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினேன். நீ வாயத் தொறக்காதது எனக்கு சௌகரியமா போச்சு, அதான் உன்ன ஒரு நாளும் கேக்கல. கைக்கு போன் வந்தப்புறம் உன் மேட்ச் ஒண்ணு உடாம அதுல பார்த்தேன் ஜெயா. ஒவ்வொரு பந்துக்கும் நானும் எழுந்து கைய தூக்குவேன்... தடுத்திருப்பேனா, உட்டிருப்பேனா... இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியல.