காலக்கெடு பற்றிக் கதைக்கப் போன வீடுகள்

அவைக்கு ஒழுங்கும் அழகும் தந்து வீற்றிருக்கும் தலைவர் இராசநாயகம் அவர்களே, மழையையும் மோட்டார்வே நெரிசலையும் மதியாமல் மாசி, மங்கரே போன்ற புறநகர்களிலிருந்து வந்து மண்டபம் நிறைத்திருக்கும் பெரியோர்களே, வடை பொரித்து முடித்த கையைத் துடைத்துக்கொண்டு இப்போதுதான் வந்து அமரும் தாய்மார்களே, பின்வரிசையில் ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கும் எங்கள் அருமைப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் சங்க உறுப்பினர் டோறினின் அன்பு வணக்கம்.

நாம் பெனிஃபிட் என்று சொல்லும் அரசாங்க உதவிப்பணத்தை ஒரு குறித்த காலத்துக்கு மேல் எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று நாம் குடியேறிய இந்த நாட்டில் ஒரு பேச்சு அடிபடுகிறது. சட்டமாகவில்லை, பேச்சுத்தான். ஆனாலும் நம் சங்கத்தின் செயற்குழு முந்திக்கொண்டது. "தமிழர் உழைத்து உண்பவர், காலக்கெடுவை வரவேற்கிறோம்" என்று ஒரு தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டு, இன்று உங்கள் கைகள் உயர்வதற்காகக் காத்திருக்கிறது. எழுதி முடித்த பிறகுதான், பெனிஃபிட் எடுப்பவர்களிடமும் ஒரு சொல் கேட்கலாமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. என்னை அனுப்பினார்கள். போனேன்.

கிளென்ஃபீல்ட் புறநகரில் ஒரு கதவைத் தட்டினேன். தேநீர் வந்தது, முறுக்கு வந்தது, முகமலர்ச்சி வந்தது. பெனிஃபிட் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் முகமலர்ச்சி போனது. "எங்களுக்கு அதெல்லாம் இல்லை. மங்கரேப் பக்கம் கேட்டுப் பாருங்கோ" என்றார்கள். மங்கரேக்குப் போனேன். "இஞ்ச ஆரும் இல்லை. கிளென்ஃபீல்டிலதான் கனபேர் எடுக்கினமாம்" என்றார்கள். சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இன்னொரு வீட்டில் சிரிக்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் காலையில் டை கட்டிக்கொண்டு புறப்படுகிறார். எங்கே? நூலகத்துக்கு. மாலை வரை பத்திரிகையில் வேலை தேடிவிட்டு வீடு திரும்புகிறார். ஏன் இந்த வேடம்? பக்கத்துத் தெருவில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. வேறு காரணம் இல்லை. அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

அன்பர்களே, நம்மில் இருவர் சந்தித்தால் முதலில் என்ன கேட்கிறோம்? சுகமா என்றா? சாப்பிட்டீர்களா என்றா? "இப்ப எங்க வேலை?" அதுதானே நம் முதற்கேள்வி? அந்தக் கேள்விக்கு அஞ்சியே வேலையில்லாதவர் கோயிலுக்கு வருவதில்லை. ஆராதனை முடிந்ததும் தேநீருக்கு நிற்பதில்லை. பொங்கல் விழாவை எட்டிப் பார்ப்பதில்லை. விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி நமக்கு எங்கே கிடைக்கிறது? அதே தேநீர் மேசையில்தானே? வேலை உள்ள நாம் வேலைச் செய்தியை நமக்குள்ளேயே பரிமாறிக்கொள்கிறோம். வேலை வேண்டியவரோ திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். கேள்வி கேட்டே அவரை உள்ளே தள்ளினோம். இப்போது அவருக்குக் கெடுவும் வைக்கப் போகிறோமா?

பாஸ்கரன் ஏதோ கேட்க எழுந்து நிற்கிறார். கேளுங்கள் ஐயா. "வரி கட்டுறது நாங்கதானே மேடம், காலம் பூரா கொடுத்துக்கிட்டே இருக்க முடியுமா?" என்கிறார். நேர்மையான கேள்வி. அமருங்கள், இதற்கு என்னைவிட நன்றாக விடை சொன்ன ஒருவர் இருக்கிறார்.

மாசியில் வாழும் சீதா. வாசலில் நின்று பெனிஃபிட் பற்றிக் கேட்டதும், "ஓம் அக்கா, நான் எடுக்கிறன். உள்ள வாங்கோ" என்று சொன்ன ஒரே ஆள். போரில் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். மன்னார் ஆசுபத்திரியில் நேர்ஸாக இருந்தவர். அந்த வேலையை இங்கே செய்ய ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், பிறகு பயிற்சியும் பெற வேண்டும். ஒருமுறை எழுதித் தவறிவிட்டார், மறுபடி படிக்கிறார். மகனுக்கு மூச்சிழுப்பு, குளிர் தொடங்கினால் அவனைப் பார்ப்பதிலேயே இவர் படிப்பும் நின்றுவிடும். காலக்கெடு பற்றிக் கேட்டேன். அழவில்லை, யாரையும் ஏசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்து சொன்னார்:

"கெடு வைக்கிறது பிழையெண்டு நான் சொல்லேல்லை அக்கா. எனக்கும் இந்தக் காசில கிடக்க விருப்பமில்லை. ஆனா படிச்சு முடிக்க முன்னம் கெடு வந்தால், எல்லாத்தையும் விட்டுட்டுக் கிடைக்கிற வேலைக்குத்தான் போவன். பிறகு சாகுமட்டும் நான் நேர்ஸ் இல்லை. அது ஆருக்கு லாபம்?"

பாஸ்கரன் அவர்களே, யாருக்கு லாபம்? உங்களுக்கா, எனக்கா, தாதியரைத் தேடும் ஆசுபத்திரிக்கா? உங்களோடு சேர்ந்து வரி கட்டத்தான் அந்தப் பெண் படிக்கிறார். படிக்கும் பெண்ணின் புத்தகத்தைப் பாதியில் பறிப்பதா நம் பெருமை?

பெயரைச் சொல்லாமல் பேசுகிறேன் என்று சீதாவுக்கு வாக்குக் கொடுக்கப் போனேன். மறித்துவிட்டார். "வேண்டாம் அக்கா, பேரைச் சொல்லுங்கோ. பேரில்லாத ஆக்களுக்கு எதிரா கை தூக்கிறது சுகம்" என்றார். அதனால்தான் பெயரோடு சொல்கிறேன்.

அவையோரே, பெனிஃபிட் எடுப்பது இழுக்கென்று நினைத்தே இந்தத் தீர்மானத்தை எழுதினோம். நம்மவரை நாமே மறைத்து வைத்து, மறைந்திருப்பவரை நாமே மறந்து, மறந்துபோனவரின் சார்பில் நாமே கையொப்பமிடுவதுதான் இழுக்கு. காலக்கெடு வைத்தே ஆகவேண்டும் என்றால் "எங்க வேலை" என்ற அந்த முதற்கேள்விக்கு வையுங்கள். அதே வாயால் வேலைச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

சீதா இங்கே வந்திருக்கிறார். முன்வரிசையில், தன் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார். நான் அழைத்து வரவில்லை, தானாகவே வந்தார். இன்னும் சற்று நேரத்தில் தலைவர் கைகளை உயர்த்தச் சொல்வார். உயர்த்த விரும்புகிறவர்கள் உயர்த்துங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சீதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உயர்த்துங்கள்.

வடை ஆறுவதையும் பொருட்படுத்தாமல் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.