சுண்ணாம்புக்கு உள்ளே

மினி கோல்ஃப் ஒன்றும் கஷ்டமான ஆட்டம் இல்லை, ஐயா. குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போட்டவர்தான் ஜெயித்தவர் என்பதை நம் ஆட்களின் மண்டையில் ஏற்றுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். ஏறுகிற எண்ணைப் பார்த்தே பழகியவர்கள், நிறைய அடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள். நான் சிரித்தபடியே திருத்துவேன்.

ஒகேனக்கல்லில் லாட்ஜ் கட்டிய பெங்களூர்க்காரர் எண்பத்தாறில் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார். பென்னாகரத்தில் மரவேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஒன்பது குழிகளுக்கும் பலகை அடிக்கச் சொன்னார். அடித்து முடித்ததும், ஆட்டத்தையும் நீயே பார்த்துக்கொள் ஜமீர் என்று விட்டுவிட்டார். விதிகள் அவர் சொல்லிக் கொடுத்தவைதான். உருளும் பந்தை அடிக்கக் கூடாது, நின்ற பிறகே அடிக்க வேண்டும். பலகை ஓரம் ஒட்டிக்கொண்டால் மட்டையின் தலை அளவு நகர்த்திக்கொள்ளலாம். ஆறு அடியிலும் குழியில் விழவில்லையென்றால் ஏழு என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போய்விட வேண்டும். பந்து வெளியே போனால் ஒரு அடி தண்டம், வெளியேறிய இடத்தில் வைத்து ஆட வேண்டும்.

கடைசிக் குழி ஆற்றை ஒட்டி இருந்தது. பலகையைத் தாண்டினால் பாறைதான். வெள்ளம் வடிந்ததும், கால் வழுக்காத பாறைகளுக்குப் பரிசல்காரர்கள் சுண்ணாம்பு தடவி வைப்பது அங்கே வழக்கம். முதலாளி அதையே எல்லையாக வைத்துக்கொண்டார். சுண்ணாம்புக்குள் நின்ற பந்துக்குத் தண்டம் இல்லை, நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். தாண்டியது வெளியே. வெளியூர்க்காரன் அந்தப் பாறையில் ஏறத் தயங்குவான். ஆற்றோரத்தில் பிறந்தவன் வெள்ளையைக் கண்டால் குனிந்துகூடப் பார்க்காமல் காலை வைத்துவிடுவான்.

மாரப்பனைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். பரிசல் துறைக் குத்தகை அவர் கையில் இருந்தது. என் தம்பி அப்துல் கனி அவரிடம்தான் பரிசல் ஓட்டினான். போன வருஷம் ஆடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, அடி கிழிந்த பரிசலைக் கொடுத்து அவனை அனுப்பினார். அவன் திரும்பவில்லை, உடல்தான் கரை ஒதுங்கியது. விசாரணைக்கு வந்தவர்களிடம், பையன் குடித்திருந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு பரிசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கனி ஒரு வேளைத் தொழுகை விடாதவன். அவனை அடக்கம் செய்ய வந்தவர்களே எங்கள் முதுகுக்குப் பின்னால் குசுகுசுத்தார்கள். அம்மா ரஹமத் பீவி அன்றோடு தெருவில் இறங்குவதை விட்டுவிட்டாள். மகன் செத்ததைத் தாங்கிக்கொண்டாள், குடித்துச் செத்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்கு வந்தேன். மாரப்பன் செத்தே ஆக வேண்டும் என்ற நினைப்பு ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை.

அவரும் அவர் தம்பி முனிராஜும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட வருவார்கள். மாரப்பனுக்குத் தோற்பது பிடிக்காது. தண்டம் என்றால் சண்டைக்கே வந்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள் எந்தப் பாறையிலும் ஏறுவார் என்று எனக்குத் தோன்றியது. கடைசிக் குழியின் பக்கப் பலகையை இழைத்துக் கொஞ்சம் சாய்த்தேன். வேகமாக வரும் பந்து அதில் பட்டு ஆற்றுப் பக்கம் எகிறும். பிறகு ஒரு ஞாயிறு காலை, பாசி மண்டிய பாறையைத் தேர்ந்தெடுத்து, அதன் மேட்டில் மட்டும் பாசியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன், சுற்றிலும் பாசியை அப்படியே விட்டேன். அன்று வேறு குடும்பங்களும் ஆடின. அவர்கள் பந்து அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் நல்ல நேரம்.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் கடைசிக் குழிக்கு வந்தபோது முனிராஜ் ஒரு அடி குறைவாக எடுத்திருந்தார். அண்ணனை அவர் அதுவரை ஜெயித்ததே இல்லை. மாரப்பன் மெதுவாக அடித்தார், பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. முனிராஜ் ஆசையில் ஓங்கி அடித்தார். பந்து பலகையில் பட்டு எகிறி, நான் வெள்ளையடித்த பாறையின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

முனிராஜ் நல்லவர். கனியைத் தூக்கிப்போன அன்று மாரப்பன் வீட்டிலிருந்து கபர்ஸ்தான் வரைக்கும் தோள் கொடுத்து வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஜமீர் பாய், அது உள்ளயா, வெளியவா?"

வெளியே என்று சொல்லியிருந்தால் ஒரு அடி தண்டத்தோடு போயிருக்கும். நான் யோசிக்காமல் சொன்னேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். தம்பிக்குத் தம்பி என்பது, நான் முதலில் நினைத்ததைவிடச் சரியாகவே பட்டது.

"உள்ளதானுங்க. அங்கிருந்தே அடிங்க" என்றேன்.

அவர் மட்டையோடு போனார். வெள்ளையைப் பார்த்துக் காலை வைத்தார். அடுத்த கால் பாசியில் வழுக்க, ஆறு அவரை இழுத்துக்கொண்டது. மாரப்பன் தம்பி பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார், நான் கையில் பென்சிலோடு நின்றேன். ஆட்டத்தைப் பாதியில் விட்டவருக்கு என்ன எழுதுவது என்று முதலாளி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அதனால் ஒன்றும் எழுதவில்லை.

போலீஸ்காரர் வந்து குடித்திருந்தாரா என்று கேட்டார். வாசனை வந்தது என்றேன். முனிராஜ் காலையிலிருந்து மோரைத் தவிர எதையும் தொடவில்லை. எல்லோரும் போன பிறகு பாறையைத் தேய்த்துக் கழுவினேன். ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு விட்டுப்போயிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

போன வெள்ளிக்கிழமை மாரப்பன் எங்கள் பள்ளிவாசல் வாசலுக்கு வந்தார். ஜும்மா முடிந்து வெளியே வந்த அத்தனை பேருக்கும் முன்னால், கனி குடிக்கவில்லை, கிழிந்த பரிசல் என்று தெரிந்தே அனுப்பியது தான்தான் என்று சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் சேதி வந்திருந்ததால், அம்மா தெருவில் இறங்கி நின்றிருந்தாள். அழுதுகொண்டே அவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முனிராஜு குடிக்கலன்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு பாய். எங்க ஆத்தா சோத்தத் தொட மாட்டேங்குது."

"வாசன வந்ததுங்க" என்றேன்.

அவர் போன பிறகு அம்மா, நிஜமாகவே வாசனை வந்ததா என்று கேட்டாள். வந்தது என்று அவளிடமும் சொன்னேன். அவள் நம்பினாள்.

பலகையைச் சாய்த்தது நான், சுண்ணாம்பு அடித்தது நான், உள்ளே என்று சொல்லி முனிராஜை அனுப்பியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னையும் மாரப்பனையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள், ஐயா. அவர் பயத்தில் பொய் சொன்னவர். எனக்கு அப்போது கொஞ்சமும் பயம் இல்லை.